விளம்பரத்தில் கிளிக் குவிகிறது, நன்கொடை நகரவில்லை: எங்கே தவறு?

கைவிளக்கு:

எல்லோருக்கும் வணக்கம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வலைத்தளம், விளம்பரம் இரண்டும் என் பொறுப்பு. இரண்டையும் முறையாகப் படித்ததில்லை, செய்து செய்து கற்றுக்கொண்டதுதான்.

போன வருஷம் எங்களுக்கு கூகுள் ஆட் கிராண்ட்ஸ் கிடைத்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரத்தை இலவசமாகத் தரும் திட்டம் அது, 2003-லிருந்து நடக்கிறது. பணம் கைக்கு வராது. கூகுள் தேடல் பக்கத்தில் எழுத்து விளம்பரம் போடலாம், அவ்வளவுதான். நாளுக்கு 329 டாலர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் செலவாகாதது அன்றோடு போச்சு.

என் சிக்கல் இதுதான். போன மாதம் விளம்பரக் கணக்கில் கன்வர்ஷன், அதாவது விளம்பரம் வழியாக வந்தவர் நாம் விரும்பிய செயலைச் செய்த எண்ணிக்கை, 1,140 என்று காட்டுகிறது. எங்கள் கணக்குப் பேரேட்டில் இணையம் வழியாக வந்த நன்கொடை 23. அடுத்த வாரம் அறங்காவலர் கூட்டம். எந்த எண்ணைச் சொல்வது? 1,140 என்று சொன்னால் பொய் சொல்வது போல இருக்கிறது. 23 என்று சொன்னால் இத்தனை மாத உழைப்பும் வீண் என்று ஆகிவிடும். தூக்கம் வரவில்லை.

தூண்டில்முள்:

முதலில் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த 1,140 எதனால் ஆனது? கூகுள் ஆட்ஸில் 'கோல்ஸ்' பகுதிக்குப் போனால் எந்தெந்தச் செயலை கன்வர்ஷன் என்று எண்ணுகிறீர்கள் என்று வரும். அதை அப்படியே இங்கே போடுங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

கைவிளக்கு:

பார்த்தேன். மூன்று இருக்கிறது:

ஸ்க்ரோல் – 902
நன்கொடைப் பொத்தான் கிளிக் – 207
பர்ச்சேஸ் – 31

எனக்கு முன்னால் இருந்தவர் அமைத்தது, நான் தொடவே இல்லை. பேரேட்டில் 23 இருக்கும்போது பர்ச்சேஸ் எப்படி 31 ஆகும்?

தூண்டில்முள்:

நினைத்தது சரிதான். ஜிஏ4, அதாவது தளத்துக்கு வருகிறவர்களை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4, தானாகவே ஸ்க்ரோலை அளக்கும். பக்கத்தில் 90 விழுக்காடு கீழே போனால் ஒரு ஈவென்ட், அதாவது ஒரு நிகழ்வு, பதிவாகும். யாரோ அதை முக்கிய ஈவென்ட் என்று குறித்து, ஆட்ஸுக்கும் இறக்குமதி செய்துவிட்டார்கள். எண் பெரிதாகத் தெரிவது பாதிச் சிக்கல்தான். மீதிப் பாதி இன்னும் மோசம்.

கூகுளில் விளம்பர இடம் ஏலத்தில்தான் கிடைக்கும். ஆட் கிராண்ட்ஸில் ஒரு கிளிக்குக்கு 2 டாலருக்கு மேல் ஏலம் கேட்க முடியாது. ஆனால் 'மேக்ஸிமைஸ் கன்வர்ஷன்ஸ்' மாதிரி தானியங்கி ஏலத்தை வைத்தால் அந்த வரம்பு விலகும். அதனால் எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள், வைக்கச் சொல்லி நானும் சொல்வேன். அந்த ஏலம் எதைப் பார்த்துப் பழகும்? நீங்கள் கன்வர்ஷன் என்று சொன்னதைப் பார்த்து. ஒரு வருஷமாக உங்கள் கணக்கு, "பக்கத்தைக் கடைசிவரை உருட்டுகிறவர்களைக் கொண்டு வா" என்ற கட்டளையை வாங்கிக்கொண்டு, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. கொடுக்கிறவரையோ படிக்க வருகிறவரையோ அது தேடவே இல்லை. தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஸ்க்ரோலை எடுத்துவிடுங்கள். பொத்தான் கிளிக்கை இரண்டாம் நிலைக்கு இறக்குங்கள், அறிக்கையில் தெரியும், ஏலத்தில் சேராது. அதன்பின் ஒன்றிரண்டு வாரம் கிளிக் தடுமாறும், பதற வேண்டாம்.

31-க்கும் 23-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு: நன்றிப் பக்கத்தை ஒருவர் ரீலோட் செய்தால் மறுபடியும் பர்ச்சேஸ் பதிவாகிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். பரிவர்த்தனை எண்ணை ஈவென்டோடு அனுப்பினால் ஒரே எண் இரண்டாவது முறை வரும்போது எண்ணாது. பெரும்பாலும் அது இல்லாமல்தான் அமைத்திருப்பார்கள்.

பழையகணக்கர்:

தம்பி, அல்லது தங்கையோ, ஒரு ஓய்வுபெற்ற கணக்கனின் சொல்லைக் கேளுங்கள். கூட்டத்தில் 23 என்றே சொல்லுங்கள். நன்கொடை விஷயத்தில் பேரேடுதான் மூலம். மற்றதெல்லாம் அதற்குத் துணைச் சான்று. வங்கிக்கு வந்த பணத்தோடு ஒத்துப்போகாத ஓர் எண்ணை அறங்காவலர் முன் வைத்தால், அடுத்த முறை நீங்கள் சரியான எண்ணைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

நான் இரண்டு அமைப்புகளுக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் மாதக் கடைசியில் இணைய நன்கொடைப் பட்டியலையும் அனலிட்டிக்ஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பரிவர்த்தனை எண்ணை வைத்து ஒவ்வொன்றாக டிக் போடுவோம். 23 வரிதான், அரை மணி நேர வேலை. பொருந்தாதது எது, ஏன் என்று அப்போதே தெரிந்துவிடும்.

கைவிளக்கு:

ஐயா, டிக் போட்டேன். தூண்டில்முள் சொன்னது சரி. 31-இல் 10 மறுபதிவு. ஒருவர் நன்றிப் பக்கத்தை நான்கு முறை திறந்திருக்கிறார், ரசீதுக்காக இருக்கலாம். மீதி 21 பேரேட்டோடு பொருந்துகிறது. 2 நன்கொடை அனலிட்டிக்ஸில் வரவே இல்லை.

ஆனால் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. அந்த 21-இல் 13-க்கு மூலம் என்று எங்கள் பேமென்ட் கேட்வேயின் முகவரி வருகிறது! பணம் கட்டும் பக்கமே எங்களுக்கு ஆளை அனுப்பிவைத்ததாக எழுதியிருக்கிறது.

எண்ணும்எழுத்தும்:

இது பழைய கதை. கொடுப்பவர் உங்கள் தளத்திலிருந்து கேட்வேக்குப் போய், பணம் கட்டிவிட்டு நன்றிப் பக்கத்துக்குத் திரும்புகிறார். திரும்பும்போது அவரை அனுப்பிய தளம் கேட்வே என்று பதிவாகிவிடுகிறது. உண்மையில் கொண்டுவந்தது ஒரு தோழி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியாகவோ உங்கள் மாதமடலாகவோ இருக்கலாம். பெயரைக் கேட்வே தட்டிக்கொண்டு போய்விடும்.

சரிசெய்வது எளிது. ஜிஏ4-இல் அட்மின், டேட்டா ஸ்ட்ரீம்ஸ், டேக் செட்டிங்ஸ், அதற்குள் 'வேண்டாத ரெஃபரல்' பட்டியல். அதில் கேட்வேயின் டொமைனைச் சேர்த்துவிடுங்கள். பழைய தரவு மாறாது, இனி வருவது சரியாக வரும்.

அப்படியே இன்னொன்றும் பாருங்கள். நன்றிப் பக்கத்தின் யூஆர்எல்லில் கொடுத்தவரின் பெயரோ மின்னஞ்சலோ ஒட்டிக்கொண்டு வருகிறதா? வந்தால் அது அப்படியே அனலிட்டிக்ஸுக்குள் போகிறது. தனிமனிதரை அடையாளம் காட்டும் தகவலை அனுப்பக்கூடாது என்பது கூகுளின் விதி. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களை நம்பிக் கொடுத்தவரின் முகவரியை அவரைக் கேட்காமல் வேறொருவர் கையில் கொடுக்கிறோம். ஜிஏ4-இல் மின்னஞ்சலை மறைக்கும் வசதி இருக்கிறது. இருந்தாலும் யூஆர்எல்லில் வராமலே செய்வதுதான் நல்லது.

தரவு வைத்திருக்கும் காலத்தையும் பாருங்கள். வழக்கமான அமைப்பில் 2 மாதம் என்று இருக்கும், 14 மாதம் வரை கூட்டலாம். ஆழமாகத் தோண்டும் அறிக்கைகள் அதைப் பொறுத்தவை. போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட நினைக்கும்போதுதான் இது இல்லையென்று தெரியவரும், அப்போது வருந்திப் பலன் இல்லை.

சிறுதுளி:

நாங்கள் இன்னும் சின்ன அமைப்பு. மாதம் 300 பேர் தளத்துக்கு வந்தால் பெரிது. பொத்தானின் நிறத்தை மாற்றி ஏ/பி சோதனை செய்யச் சொல்லி, அதாவது பாதிப் பேருக்கு ஒரு பக்கமும் மீதிப் பேருக்கு இன்னொரு பக்கமும் காட்டிப் பார்க்கச் சொல்லி, எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். செய்தோம். ஒரு பக்கம் 3 பேர் கொடுத்தார்கள், இன்னொரு பக்கம் 5 பேர். 5 வந்தது வென்றது என்று மாற்றிவிட்டோம். அது சரியா?

எண்ணும்எழுத்தும்:

சரியில்லை. உங்கள் மேல் தப்பு இல்லை, அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் கணக்கைச் சொல்லவில்லை. வருகிறவர்களில் 100-க்கு ஒருவர் கொடுக்கிறார் என்று வையுங்கள். அதை 20 விழுக்காடு கூட்டும் மாற்றம் ஒன்றை, அதாவது 1-லிருந்து 1.2 ஆக்கும் மாற்றத்தை, நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 40,000 பேர் வேண்டும். உங்களுக்கு மாதம் 300. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். 3-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம், காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

பெரிய எண்ணிக்கை கையில் இருந்தால் ஏ/பி அற்புதமான கருவி. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஒபாமா பிரசாரத்தில் பதிவுப் பக்கத்துக்குப் பல படங்களையும் காணொளிகளையும் பொத்தான் வாசகங்களையும் சோதித்தார்கள். காணொளிதான் வெல்லும் என்று குழுவே நினைத்தது. ஆனால் குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பொத்தானும் சேர்ந்த பக்கம் வென்றது. பதிவு 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6-க்கு ஏறியது. ஆனால் அந்தச் சோதனையில் பக்கத்தைப் பார்த்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்.

சிறுதுளி, உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. கொடுத்த 8 பேரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். எப்படித் தெரியவந்தது, கொடுக்கும் முன் எதைப் படித்தீர்கள், எங்கே தயங்கினீர்கள் என்று கேளுங்கள். படிவத்திலேயே "எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி வையுங்கள். மனிதர்களுக்கு நினைவு பிசகும், இருந்தாலும் அந்த 8 பதிலும் உங்களுக்கு 300 வருகையைவிட அதிகம் சொல்லும்.

இரவுமணி:

இதுவரை படித்தேன், எல்லாம் பயனுள்ளது. ஆனால் ஆரம்பத்திலிருந்து கொடுக்கிறவரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். கைவிளக்கு, உங்கள் நிறுவனம் இருப்பது படிக்க வருகிறவர்களுக்காக. அவர்களில் எத்தனை பேர் விளம்பரம் வழியாக வந்தார்கள்? உங்கள் மூன்று கன்வர்ஷனில் அவர்களுக்கு ஒன்றுகூட இல்லையே.

நான் வீட்டு வன்முறையில் சிக்கியவர்களுக்கான ஓர் உதவி எண்ணில் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் இரவு முறை. எங்கள் தளத்தின் அனலிட்டிக்ஸை முதன்முதலாக ஒருவர் அமைத்துக் கொடுத்தபோது, உதவிப் பக்கம் 'மிக மோசம்' என்று அறிக்கை வந்தது. வருகிறவர்கள் 6 நொடி, 7 நொடியில் போய்விடுகிறார்களாம். ஜிஏ4 கணக்கில் 10 நொடிக்கு மேல் இருந்தால்தான், அல்லது இரண்டு பக்கம் பார்த்தால்தான், அல்லது முக்கிய ஈவென்ட் ஒன்று நடந்தால்தான் ஈடுபட்ட வருகை. எங்கள் பக்கத்துக்கு வரும் பெண் என்ன செய்வாள் என்று யோசியுங்கள். பக்கத்தைத் திறப்பாள், எண்ணைப் பார்ப்பாள், அழைப்பாள். இல்லையென்றால் அறைக்குள் யாரோ வருகிற சத்தம் கேட்டு, 'உடனே வெளியேறு' பொத்தானை அமுக்குவாள். ஆறு நொடியில் எண் கிடைத்தால் அந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அறிக்கை அதைத் தோல்வி என்று எழுதியது. பக்கத்தில் 'ஆர்வமூட்டும்' கதைகள் சேர்க்கச் சொல்லி ஆலோசனையும் வந்தது. எண்ணைக் கீழே தள்ளிவிட்டு மேலே கதை!

நாங்கள் செய்தது இது. அழைப்புப் பொத்தானைத் தொட்டால் அது முக்கிய ஈவென்ட். வேறு எதையும் அந்தப் பக்கத்தில் அளப்பதில்லை. ஆட் கிராண்ட்ஸ் விதிப்படி கன்வர்ஷன் கண்காணிப்பு வேண்டும், மாதம் ஒன்றாவது பதிவாக வேண்டும். அதற்கு அழைப்பே போதும்.

ஃபேஸ்புக் பிக்ஸலை, அதாவது பக்கத்துக்கு வந்தவரைப் பற்றி ஃபேஸ்புக்குக்குச் சொல்லும் நிரல் துணுக்கை, உதவிப் பக்கங்களிலிருந்து முழுதாக எடுத்துவிட்டோம். காரணம் சொல்கிறேன். நன்கொடைக்காக ரீடார்கெட்டிங் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, தளத்துக்கு வந்துபோனவர்களுக்கு மறுபடி காட்டுவது. ஒரு நாள் ஒரு பெண் அழைத்துச் சொன்னார்: வீட்டில் எல்லோரும் பார்க்கும் கணினியில், அவர் கணவர் உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் விளம்பரம் வந்ததாம். அவருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது.

தூண்டில்முள்:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் ரீடார்கெட்டிங்கை எத்தனையோ அமைப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். கூகுளின் விதியிலேயே நோய், தனிப்பட்ட துயரம் போன்றவற்றை வைத்து ஆளைக் குறிவைக்கக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் பிக்ஸல் மாதிரியான டேகை வைக்கும்போது எந்தப் பக்கம், யார் வருவார்கள் என்று யோசிப்பவர்கள் குறைவு. தளம் முழுக்க ஒரே டேக் என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம்.

எண்ணும்எழுத்தும்:

இது சட்டப் பிரச்சினையும்கூட. பெட்டர்ஹெல்ப் என்ற மனநல ஆலோசனை நிறுவனம் பயனர்களின் மின்னஞ்சலையும் அவர்கள் நிரப்பிய நலக் கேள்வித்தாள் விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் எஃப்டிசி குற்றம்சாட்டியது. 2023-இல் 78 லட்சம் டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அது இலாப நிறுவனம். ஆனால் பிக்ஸலுக்கு இலாபம், தொண்டு என்ற பேதம் தெரியாது.

அதனால் தளத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கொடுப்பவர் வரும் பக்கங்களில் ஒப்புதல் கேட்டு அளக்கலாம். உதவி தேடி வருபவரின் பக்கங்களில் மிகமிகக் குறைவாக அளக்க வேண்டும், விளம்பர டேக் கூடவே கூடாது. டேகுகளை நிர்வகிக்கும் டேக் மேனேஜரில் ஒரு விலக்கு விதி எழுதினால் போதும்.

பழையகணக்கர்:

இரவுமணி அம்மா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் கொடுப்பவர் பக்கத்தை விட்டுவிடவும் முடியாது, சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. அதில் எனக்கு ஒரு மனக்குறை. எல்லா அறிக்கையும் முதல் நன்கொடையோடு நின்றுவிடுகிறது.

ஒரு எடுத்துக்காட்டு. புதிய ஒருவரைக் கொண்டுவர 100 செலவாகிறது, அவர் முதலில் 60 தருகிறார் என்று வையுங்கள். விளம்பர அறிக்கையில் இது நட்டம், நிறுத்து என்று வரும். அவர் மாதம் 10 தருபவராகச் சேர்ந்திருந்தால் அடுத்த 4 மாதத்தில் நட்டம் ஈடாகிவிடும், அதற்குப்பின் வருவது எல்லாம் மிச்சம். இன்னொருவர் முதலிலேயே 150 தந்துவிட்டு மறுபடி வரவே இல்லை. அறிக்கையில் இவர்தான் நல்லவர். மூன்று வருஷம் கழித்துப் பேரேட்டைப் பார்த்தால் கதை தலைகீழ். இதை அனலிட்டிக்ஸ் காட்டாது. உங்கள் நன்கொடையாளர் பதிவேட்டில், முதன்முதலில் எந்த வழியாக வந்தார் என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டு, வருஷாவருஷம் வழிவாரியாக எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நான் பார்த்த ஓர் அமைப்பில், விளம்பரத்தில் வந்தவர்களைவிட ஏற்கெனவே கொடுப்பவர் கூட்டிவந்தவர்கள்தான் அதிக காலம் தங்கினார்கள். உங்களிடம் வேறு மாதிரி இருக்கலாம், எண்ணிப் பாருங்கள்.

சிறுதுளி:

முதன்முதலில் எந்த வழியாக வந்தார் என்று தெரிய யுடிஎம், அதாவது இணைப்பின் கடைசியில் ஒட்டும் மூலக் குறிப்பு, ஒழுங்காக இருக்க வேண்டுமே. எங்களிடம் வாட்ஸ்அப் வழியாக வருகிறவர்கள் எல்லாம் 'டைரக்ட்', அதாவது மூலம் தெரியாமல் நேராக வந்தவர்கள், என்று விழுகிறார்கள். ஜிஏ4-இல் பாதி டைரக்ட்தான்.

எண்ணும்எழுத்தும்:

ஆமாம், செயலியிலிருந்து வரும் கிளிக் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. பகிரும் இணைப்பிலேயே யுடிஎம் ஒட்டி அனுப்பினால்தான் தெரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் ஜிஏ4 அதை வேறு வேறு மூலமாக எண்ணும். ஒரே வாட்ஸ்அப்பை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் மூன்று வரி. ஒரு தாளில் இன்னதை இப்படித்தான் எழுத வேண்டும் என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து மட்டும் நகலெடுங்கள். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பில் யுடிஎம் வைக்காதீர்கள், உண்மையான மூலம் அழிந்துவிடும்.

மாதமடலைத் திறந்தவர் எண்ணிக்கையையும் நம்பவேண்டாம். 2021-இல் ஐஓஎஸ் 15-ஓடு ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் பாதுகாப்பு, படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். படிக்காதவரும் திறந்தவராகிவிடுவார். கிளிக்கைப் பாருங்கள்.

கைவிளக்கு:

இன்னொரு சந்தேகம். கேட்வேயைச் சரிசெய்த பிறகு வந்த நன்கொடைகளில் பாதி, எங்கள் நிறுவனத்தின் பெயரையே தேடி, எங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்து வந்தவை. இதை விளம்பரத்தின் வெற்றி என்று சொல்லலாமா?

தூண்டில்முள்:

வேண்டாம். உங்கள் பெயரைத் தட்டச்சு செய்தவர் உங்களைத் தேடித்தான் வந்தார். விளம்பரம் இல்லையென்றால் கீழே இருந்த இணைப்பைத் தட்டியிருப்பார். 2012-இல் இணையச் சந்தையான இபே தன் பெயருக்கான விளம்பரத்தை யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்திப் பார்த்தது. இழந்த கிளிக்கில் 99.5 விழுக்காடு சாதாரணத் தேடல் முடிவு வழியாகவே வந்துவிட்டது. பிளேக், நாஸ்கோ, டடேலிஸ் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. அதே ஆய்வில், இபேயை அவ்வளவாகப் பயன்படுத்தாதவர்களிடம் பொதுச்சொல் விளம்பரம் பலன் தந்ததும் தெரிந்தது.

உங்களுக்கு இலவசம் என்பதால் பெயர் விளம்பரத்தை நிறுத்தத் தேவையில்லை. மாதாமாதம் 5 விழுக்காடு சிடிஆர், அதாவது விளம்பரத்தைப் பார்த்தவர்களில் கிளிக் செய்தவர் விகிதம், காட்டாவிட்டால் ஆட் கிராண்ட்ஸ் கணக்கு முடங்கும் ஆபத்து உண்டு. பெயர் விளம்பரம் அந்த அளவைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் தனி கேம்பெயினாகப் பிரித்து வையுங்கள். அறிக்கையில் "பெயர் தெரிந்து வந்தவர்", "தெரியாமல் வந்தவர்" என்று இரண்டு வரி எழுதுங்கள்.

பெயரில்லாத கேம்பெயினில் சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைத் திறந்து, மக்கள் நிஜமாகவே என்ன தட்டச்சு செய்தார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். குறைவாகத் தேடப்பட்டதை 2020-லிருந்து கூகுள் மறைக்கிறது. இருந்தாலும் தெரிகிற வரையில் படியுங்கள்.

கைவிளக்கு:

(ஏழு வாரம் கழித்து)

மன்னிக்கவும், நடுவில் வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்தில் 23 என்றேன். 1,140 எப்படி வந்தது என்பதையும் ஒரு தாளில் விளக்கினேன். ஓர் அறங்காவலருக்கு முகம் வாடியது. இன்னொருவர், முந்தைய அறிக்கைகளையும் இப்படிப் பிரித்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். போன வருஷம் 'விளம்பரத்தால்' என்று நாங்கள் எழுதியதில் பெரும்பகுதி, பெயர் தெரிந்து வந்தவர்கள்.

அப்புறம் சர்ச் டெர்ம்ஸ். மூன்று மாலை உட்கார்ந்து படித்தேன். பெரும்பகுதி "இலவசப் பாடநூல் பதிவிறக்கம்", "பத்தாம் வகுப்பு வினாத்தாள்" மாதிரி. மாணவர்கள். வந்து, தேடினது இல்லையென்று கீழே வரை உருட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுதான் அந்த 902! எல்லாவற்றையும் நெகட்டிவ் கீவேர்டில், அதாவது விளம்பரம் காட்டக்கூடாத சொற்களின் பட்டியலில், போட்டேன். கிளிக் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

அவற்றுக்கு நடுவில், கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வரிகள் வந்தன. "அப்பாவுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி". "அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்க". "ஐம்பது வயதில் எழுத்து கற்க முடியுமா".

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படிக்கத் தெரியாதவர் தேடல் பெட்டியில் எப்படித் தட்டச்சு செய்வார்? எங்கள் விளம்பரம் ஒரு வருஷமாக "நீங்களும் படிக்கலாம், வாருங்கள்" என்று, படிக்கத் தெரியாதவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. தேடுவது பிள்ளைகள். இரவுமணி அக்கா கேட்ட கேள்வி இல்லையென்றால் அந்த வரிகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருப்பேன்.

விளம்பர வாசகத்தை மாற்றினேன்: "உங்கள் அப்பா அம்மாவுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறோம்". போய்ச் சேரும் பக்கத்தில் நன்கொடைப் பொத்தானை எடுத்துவிட்டேன். பிள்ளை நிரப்ப இரண்டே கட்டம்: பெற்றோரின் பெயர், கூப்பிட ஓர் எண். விளம்பர டேக் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. படிவம் சமர்ப்பித்தால் அது கன்வர்ஷன், வேறொன்றும் இல்லை. ஐந்து வாரத்தில் 14 படிவம். எங்கள் வகுப்புப் பதிவேட்டில் டிக் போட்டேன், 9 பேர் நிஜமாகவே வகுப்புக்கு வந்திருக்கிறார்கள்.

நன்கொடை இந்த மாதம் 25. பெரிதாக ஏறவில்லை.

பழையகணக்கர்:

9 பேர் வந்ததைப் பதிவேட்டோடு சரிபார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் கணக்கு. அந்தப் பத்தியை நிரந்தரமாக வையுங்கள். வராத 5 பேரையும் ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

இரவுமணி:

கைவிளக்கு, ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று. பிள்ளைக்குத் தெரியாமல் தானே கற்றுக்கொள்ள நினைக்கும் பெற்றோரும் இருப்பார்கள், பேரப்பிள்ளை முன்னால் கூச்சம் இருக்கும். அவர்கள் குரலில் தேடுவார்கள், பக்கத்தை வாசிக்க முடியாது. மேலேயே ஒரு பெரிய அழைப்புப் பொத்தான் வையுங்கள், தொலைபேசிப் படத்தோடு, எழுத்து இல்லாமல்.

கைவிளக்கு:

அக்கா, இப்போதே வைக்கிறேன். எண்ணை யார் எடுப்பது என்று மட்டும் முடிவாகவில்லை. மாலை 6-லிருந்து 8 வரை நானே எடுக்கிறேன்.